புல் விதைக்கும் முன்பே களையைத் தீர்த்துவிடுங்கள்: டர்பன் வீட்டு முற்றத்துக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு வேலை முடிந்து கொத்தனார்கள் போனதும் முன்பக்கம் வெறும் மண்ணாகக் கிடக்கும். கடையில் கிகுயூ புல் விதைப் பொட்டலம் வாங்கிச் சனிக்கிழமை காலையில் தூவி, ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் ஒரே வாரத்தில் தரை பச்சை காட்டும். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். கிகுயூ விதை முளைக்கப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். ஒரே வாரத்தில் வந்த பச்சை முழுக்கக் களை.

மண்ணுக்குள் பல வருஷத்துக் களைவிதை உறங்கிக் கிடக்கிறது. மண்ணைக் கிளறி வெளிச்சம் காட்டி, உரம் போட்டு, தினமும் ஈரம் கொடுத்தால் புல்லுக்கு முன்னால் அவைதான் எழும். அந்த நேரத்தில் மருந்து அடிக்கவும் வழியில்லை. களையைக் கொல்லும் அளவுக்கு வலுவுள்ள மருந்து பிஞ்சுப் புல்லையும் சேர்த்தே கொல்லும், அல்லது முடக்கிவிடும். ஆகவே கனமான வேலையெல்லாம் விதைக்கும் முன்புதான். விதைத்த பிறகு முதல் இரண்டு மாதம் உங்களிடம் மிஞ்சுவது கை, கத்தரிக்கோல், புல்வெட்டும் மெஷின், பொறுமை, இவ்வளவே.

எந்தப் புல், எப்போது

வெயில் படும் முற்றத்துக்கு விதையாகக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று கிகுயூ. மற்றொன்று பெர்முடா, அதாவது இங்கே க்வீக் என்று சொல்கிற, நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அருகம்புல். மரநிழலுக்கு ஏற்ற எல்.எம். புல்லை விதையிலிருந்து எடுப்பது வழக்கமில்லை. வேரோடு கூடிய துண்டுகளாக வாங்கி நடுவார்கள். உங்கள் முற்றத்தில் மாமரம் பாதி நாள் நிழல் போடுகிறது என்றால் அங்கே கிகுயூ விதையைக் கொட்டி வீணாக்க வேண்டாம். நிழலில் அது மெலிந்து போகும், அந்த இடைவெளியில் களை உட்காரும்.

இரண்டுக்கும் மண் சூடு 18 முதல் 20 டிகிரிக்கு மேல் வேண்டும். டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் செப்டம்பர் கடைசியிலிருந்து அந்தச் சூடு இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பள்ளமான பகுதிகளில் சற்றுத் தாமதியுங்கள். லெனேசியா, லாடியம் போன்ற உள்நாட்டு மேட்டுநிலத்தில் நவம்பர்தான் நல்லது. ஜனவரி தாண்டி அங்கே விதைத்தால், புல் படர்ந்து வலுப்பதற்குள் பனி வந்துவிடும்.

டர்பனுக்கான கணக்கு இது: ஆகஸ்ட் நடுவில் வேலையைத் தொடங்குங்கள். புரட்டாசி விரதம் முடிந்து ஐப்பசி பிறக்கையில் விதை மண்ணில் விழட்டும். தைப்பூசத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் தாராளமாகப் புல் மேல் நிற்கலாம். தீபாவளிக்கே பச்சை வேண்டும் என்று அவசரப்பட்டுச் செப்டம்பரில் விதைக்கிறவர்கள் இரண்டு சுற்றுக் களையெடுப்பை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கடனை அடுத்த கோடை முழுக்கக் குனிந்து அடைக்க வேண்டும்.

முதலில் பழையதைக் கொல்லுங்கள்

கொத்திப் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பழைய க்வீக்கோ பாஸ்பாலம் என்ற முரட்டுப் புல்லோ இருக்கும் தரையை மண்வெட்டியால் கொத்தினால் ஒரு கொடி பத்துத் துண்டாகும். ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாக முளைக்கும். வேர் வரை சாக வேண்டும் என்றால் கிளைஃபோசேட் என்ற களைமருந்துதான் எளிய வழி. ஆனால் இலை பச்சையாக வளர்ந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அது வேருக்கு இறங்கும். குளிரில் காய்ந்து பழுப்பாகிக் கிடக்கும் புல் மேல் அடித்தால் மருந்து வீண். ஆகவே ஆகஸ்டில் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர் காட்டி, செடியை 10 முதல் 15 செ.மீ. வரை வளரவிட்டு, அப்புறம் அடியுங்கள்.

டப்பாவில் எல் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் 1947ஆம் ஆண்டு 36ஆம் எண் சட்டப்படி இந்த நாட்டில் விற்கும் பூச்சிமருந்து, களைமருந்து எல்லாவற்றுக்கும் அது வேண்டும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்கும் சரக்கை வாங்கவே வாங்காதீர்கள். அளவை லேபிள்படியே எடுங்கள். கூடுதலாக ஊற்றினால் இலை சட்டென்று கருகிவிடும், மருந்து வேருக்கு இறங்காது. கலக்கும் தண்ணீர் தெளிவாக இருக்கட்டும். சேறு கலந்த தண்ணீரில் கிளைஃபோசேட் மண் துகளோடு ஒட்டிக்கொண்டு வலு இழந்துவிடும். தெளித்த பின் ஆறு மணி நேரமாவது மழை வரக்கூடாது. வசந்தத்தில் உள்நாட்டுப் பக்கமிருந்து அனலாக வீசும் பெர்க் காற்று நாளில் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். வேலியோரக் கறிவேப்பிலையும் முருங்கைக் கன்றும் அந்தக் காற்றில்தான் அடிபடும்.

ஒருபருவக் களை ஒரு வாரத்தில் மஞ்சளிக்கும். க்வீக், பாஸ்பாலம் போன்றவை சாக இரண்டு மூன்று வாரமாகும். மறுபடி பச்சை தலைகாட்டினால் இன்னொரு முறை அடியுங்கள்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. தரையை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் போர்த்தி, ஓரத்தை மண்ணால் மூடி, உச்சிக் கோடையில் நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுவது. மண் சூடேறி மேலாக இருக்கும் விதைகள் வெந்துபோகும். ஆனால் கோடை மேகம் மூடிய டர்பனில் இது அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது.

கிளறுவது ஒரே ஒரு முறை

பழைய செடி செத்த பிறகு 10 முதல் 15 செ.மீ. ஆழம் கிளறுங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, கம்பி எல்லாம் பொறுக்கி எடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி மட்டம் பிடியுங்கள். மண்ணைச் சோதிக்க விரும்பினால் சிடாரா விவசாயத் துறை ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். சோதனை சொல்லாமல் சுண்ணாம்பு போட வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு, ஒரு லோடு ‘டாப் சாயில்’ வாங்கிக் கொட்டுவது. எந்த வயலிலிருந்து, எந்தக் காலியிடத்திலிருந்து வழித்து வந்த மண் என்பது யாருக்கும் தெரியாது. அதோடு கோரைக்கிழங்கும் சேர்ந்து வந்தால் அப்புறம் வருஷக்கணக்கில் உங்களோடு குடியிருக்கும். டர்பனின் பெரியா பகுதி மேட்டுச் சிவப்பு மணல் கூட உரமும் கம்போஸ்டும் கொடுத்தால் புல்லைத் தாங்கும். பள்ளம் நிரப்ப மண் தேவைப்பட்டால், வாங்குவதற்கு முன் ஒரு வாளி கேட்டு வாங்கி வாருங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு ஈரமாக வைத்து மூன்று வாரம் பாருங்கள். என்ன முளைக்கிறதோ, அதுதான் நாளைக்கு உங்கள் முற்றம். மாட்டுச் சாணத்தையும் மக்காமல் போடாதீர்கள். மாடு தின்ற புல்விதை சாணத்தில் உயிரோடுதான் வரும்.

காத்திருக்கும் சுற்று

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். மட்டம் பிடித்த வெறுந்தரைக்கு, புல் விதைத்தது போலவே தினமும் தண்ணீர் காட்டுங்கள். விதை போடாதீர்கள். பத்துப் பதினான்கு நாளில் களை கம்பளம் போல் எழும்: முளைக்கீரை ஜாதி, பிளாக்ஜாக், தரைப்பசலை, விரல் விரித்தாற்போல் கதிர்விடும் க்ராப்கிராஸ், கேழ்வரகுக்குக் காட்டு உறவான கூஸ்கிராஸ். மருந்து படாத தரை என்றால் கீரையைப் பறித்துக் குழம்புக்குக் கொண்டுபோகலாம்.

களை இரண்டு மூன்று இலை விட்டதும் வெயில் சுள்ளென்று அடிக்கும் காலையில் கைக்கொத்தால் மேலாகச் சுரண்டிவிடுங்கள். இரண்டு செ.மீ. ஆழத்துக்கு மேல் போகக்கூடாது. சுரண்டிய அன்று தண்ணீர் விடாதீர்கள், வெயிலில் வேர் காயட்டும். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கிய புதிய விதை மேலே வரும், நீங்கள் திரும்பவும் முதல் நாளில் நிற்பீர்கள். நிறைய முளைத்திருந்தால் சுரண்டுவதற்குப் பதில் கிளைஃபோசேட்டும் அடிக்கலாம். அப்போது மண் அசையவே அசையாது என்பதால் பலன் இன்னும் நல்லது.

இதே சுற்றை இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவது முறை முளைப்பது கண்ணுக்குத் தெரிய குறைந்திருக்கும். குறையவில்லை என்றால் மூன்றாவது சுற்று. விதைப் பொட்டலம் அலமாரியில் இன்னும் மூன்று வாரம் கிடந்தால் கெட்டுப்போகாது.

கோரை மட்டும் இந்தக் கணக்கில் வராது. நட்கிராஸ், வாட்டர்கிராஸ், ஆப்பிரிக்கான்ஸில் அய்ன்கி என்று எந்தப் பேரில் சொன்னாலும் அது ஒன்றுதான். தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று முனை தட்டுப்பட்டால் கோரை. புல்லின் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும். அடியில் கடலை அளவுக் கிழங்கு இருக்கும். மேலே பிடுங்கினால் அது அறுந்து மண்ணிலேயே தங்கி மறுபடி தளிர்விடும். ஆனால் ஒவ்வொரு தளிருக்கும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாறு இலை விடுவதற்குள், புதுக் கிழங்கு கட்டுவதற்குள், விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் தளரும். ஆகக் காத்திருக்கும் சுற்றில் கோரையைக் கண்ட இடத்தில் மட்டும் கைக்கரண்டியை 20 செ.மீ. வரை இறக்கி, கிழங்கோடு மண்ணையும் அள்ளி, குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். கம்போஸ்ட் குழியில் போட வேண்டாம். முற்றம் முழுக்கக் கோரை என்றால் இந்த வருஷம் விதைக்காமல் கோரைக்கு மட்டும் ஒரு கோடையை ஒதுக்குவது உத்தமம் என்பதே எங்கள் கருத்து. கேட்க யாருக்கும் பிடிக்காது.

விதைக்கும் நாள்

50 சதுர மீட்டர் முற்றத்துக்குக் கணக்குச் சொல்கிறோம். கிகுயூ விதை சதுர மீட்டருக்கு 10 கிராம், மொத்தம் அரைக் கிலோ. 2:3:2 (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) உரம் சதுர மீட்டருக்கு 50 கிராம், மொத்தம் இரண்டரைக் கிலோ. பெர்முடாவுக்கும் விதையளவு ஏறக்குறைய இதே. மேல்பூச்சுப் பூசிய விதை என்றால் எடை கூடும், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவே சரி. விதையைச் சிக்கனம் பண்ணினால் இடைவெளி விழும். அந்த இடைவெளி களைக்குப் போகும்.

உரத்தை முதலில் தூவி மேலாகக் கீறிவிடுங்கள். விதையை அரை வாளி உலர்ந்த ஆற்று மணலோடு பிசறி இரண்டு பங்காக்குங்கள். ஒரு பங்கை வடக்கு தெற்காக நடந்தும், மற்றதைக் கிழக்கு மேற்காக நடந்தும் தூவுங்கள். ரேக்கின் முதுகுப்புறத்தால் மெல்ல இழுத்து 5 மி.மீ. மண் மூடினால் போதும். ஒரு செ.மீ. தாண்டிப் புதைந்த விதை பலதும் மேலே வராது. உருளை இல்லாவிட்டால் பலகை போட்டு அதன்மேல் நடந்து அமுக்குங்கள்.

அன்றைக்கே செய்ய வேண்டிய சின்னக் காரியம் ஒன்று. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, பையில் வாங்கிய சுத்தமான நாற்று மண்ணை நிரப்பி, அதே விதையில் ஒரு சிட்டிகை விதைத்து முற்றத்து ஓரத்தில் வையுங்கள். அதில் முளைப்பது உங்கள் புல், சந்தேகமில்லை. தரையில் முளைப்பதை டப்பாவோடு ஒப்பிட்டால் எது உறவு, எது அந்நியன் என்று தெரிந்துவிடும். புதியவர்கள் க்ராப்கிராஸ் நாற்றைப் புல் என்று நினைத்து மாதக்கணக்கில் தண்ணீர் விட்டு வளர்ப்பது இதனால் நிற்கும். அகலமான, வெளிர்பச்சையான, அடியிலிருந்தே நட்சத்திரம் போல் பரவும் நாற்று க்ராப்கிராஸ். கூஸ்கிராஸின் அடித்தண்டு தட்டையாகவும் வெள்ளையாகவும் இருக்கும்.

முளைப்பதைத் தடுக்கும் மருந்து என்று விற்பவை எதையும் இப்போது தொட வேண்டாம். பெண்டிமெத்தலினோ ஆக்ஸாடையஸானோ, களைவிதையையும் உங்கள் விதையையும் அது பிரித்துப் பார்க்காது.

சரிவான முற்றமானால் ஒரு இடிமழையில் விதையெல்லாம் கீழ் வீட்டுக் கானுக்குப் போய்ச் சேரும். சணல் சாக்குத் துணியை விரித்து ஆணி அடித்து வையுங்கள். மைனாவும் புறாவும் விதை பொறுக்குவதையும் அது தடுக்கும். முளை வெள்ளையாகக் கண்ணில் பட்டதும் எடுத்துவிட வேண்டும். எரக்ராஸ்டிஸ் வைக்கோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று பரப்பாதீர்கள். அதில் அந்தப் புல்லின் விதை கிடக்கும்.

முளைத்த பிறகு

முதல் இரண்டு வாரம் நாளைக்கு மூன்று நான்கு முறை ஐந்தைந்து நிமிஷம் மெல்லிய தூறலாகத் தண்ணீர் காட்டுங்கள். மேல்மண் காயக்கூடாது, குட்டையாகத் தேங்கவும் கூடாது. முளைத்தபின் தடவைகளைக் குறைத்து ஒவ்வொரு தடவையும் கூட்டுங்கள். ஆறாவது வாரத்தில், மழையையும் சேர்த்து, வாரத்துக்கு 20 முதல் 25 மி.மீ. இருந்தால் போதும். காலியான பில்ச்சர்ட் டின்னைத் தரையில் வைத்தால் எவ்வளவு விழுந்தது என்று அளந்துவிடலாம். ஆறு வாரம் தாண்டியும் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நனைத்துக்கொண்டே இருந்தால் மேலோட்டமாக வேர்விடும் களைகளும் கோரையும் கொழிக்கும்.

களை பறிப்பதில் அவசரம் கூடாது. நான்கு வாரம் வரை புல்லின் வேர் நூல் போலத்தான் இருக்கும். பக்கத்துக் களையை இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். அதனால் பெரிதாகும் களையை மட்டும் கத்தரிக்கோலால் தரையோடு நறுக்குங்கள். நான்கு வாரத்துக்கு மேல், மழை பெய்த மறுநாள், பலகையில் மண்டியிட்டு, பழைய முள்கரண்டியால் வேரடி நெகிழ்த்து எடுக்கலாம். ஒரு கையால் சுற்றியுள்ள புல்லை அமுக்கிக்கொண்டு மறுகையால் களையை இழுங்கள். நெருஞ்சியைக் காய் கட்டுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

எல்லாவற்றையும் பறிக்கவும் தேவையில்லை. பிளாக்ஜாக்கும் முளைக்கீரையும் உயரமாக வளர்பவை. அவற்றின் குருத்து மேலே இருக்கிறது. இரண்டு மூன்று முறை புல் வெட்டினால் தானாகவே ஒழியும். புல்லின் குருத்து தரையோடு இருப்பதால் அதே வெட்டு அதைப் படர வைக்கும். 6 செ.மீ. உயரம் வந்ததும், தரை காய்ந்திருக்கும் நாளில், கூரான பிளேடால் 4 செ.மீ.க்கு வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். மழுங்கிய பிளேடு பிஞ்சை வெட்டாது, வேரோடு பிடுங்கும். களை பூத்திருக்கும்போது வெட்டியதைப் பையில் பிடித்து வெளியேற்றுங்கள். தோட்டக்காரர் மெஷின் கொண்டுவந்தால் அடிப்பக்கத்தைக் கேட்டிலேயே கழுவச் சொல்லுங்கள். அடுத்த தெருவின் களைவிதையெல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

ஆறாவது வாரத்தில் சதுர மீட்டருக்கு 20 கிராம் எல்.ஏ.என். என்ற நைட்ரஜன் உரம் தூவி உடனே தண்ணீர் விடுங்கள். உள்ளங்கையைவிடப் பெரிய வெற்றிடம் இருந்தால் அங்கே மறுவிதைப்பு. அல்லது அடர்ந்த பக்கத்திலிருந்து ஒரு கொடியை வெட்டி நடுங்கள்.

மருந்துக்கான நேரம்

மூன்று நான்கு முறை வெட்டிய பிறகு, அதாவது சுமார் எட்டுப் பத்து வாரம் கழித்து, புல்லை விட்டு அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் தேர்வு மருந்துகளை நினைத்துப் பார்க்கலாம். 2,4-டி, எம்.சி.பி.ஏ., டைகாம்பா கலவைகள்தான் வழக்கம். லேபிளில் உங்கள் புல்லின் பெயர் இருக்க வேண்டும். புல் வாடியிருக்கும்போதோ கடும் வெயிலிலோ வேண்டாம். டைகாம்பா மண் வழியாகவும் வேருக்குப் போகும். மாமரம், எலுமிச்சை, முருங்கையின் கிளை விரிந்த பரப்புக்குக் கீழே அதை அடிக்கக்கூடாது. 2,4-டி வகை காற்றில் போனால் தக்காளியும் மிளகாயும் இலை சுருண்டுபோகும். நேட்டாலின் டாலா பள்ளத்தாக்குக் காய்கறித் தோட்டங்கள் 1980களில் இந்த மாதிரி ஹார்மோன் மருந்துகளால் பட்ட பாடு நீதிமன்றம் வரை போனது. பக்கத்து வீட்டுக்காரரின் மிளகாய்ப் பாத்தியோடு உங்களுக்கு அந்தப் பிரச்சினை வேண்டாம்.

தெளிக்கும் முன் வெறும் தண்ணீரில் ஒத்திகை பாருங்கள். 10 சதுர மீட்டரைக் கயிறு கட்டிப் பிரித்து, வழக்கமான நடையில் தெளித்து, எத்தனை லிட்டர் செலவானது என்று அளந்தால் 50 சதுர மீட்டருக்கு எவ்வளவு கலக்க வேண்டும் என்பது தெரியும். ஒரு லிட்டர் போனால் ஐந்து லிட்டர் கலவை. அதில் 50 சதுர மீட்டருக்கான மருந்து, சொட்டு கூடாமல்.

கோரை மிஞ்சியிருந்தால் ஹாலோசல்ஃப்யூரான் உள்ள மருந்து உதவும். இலை மஞ்சளிக்கவே இரண்டு மூன்று வாரமாகும். வேலை செய்யவில்லை என்று ஒரே வாரத்தில் மறுபடி அடிக்காதீர்கள். அடிக்கும் முன்னும் பின்னும் இரண்டொரு நாள் புல் வெட்ட வேண்டாம், மருந்து ஏற இலை வேண்டும்.

ஊதாப்பூ விடும் புளியாரைக்கு அடியில் குட்டிக்குட்டியாகக் கிழங்கு உண்டு. இழுத்தால் அவை சிதறிப் பத்து இடத்தில் முளைக்கும், மண்ணோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். ஈரமான மூலையில் வல்லாரை படர்ந்தால் மருந்தைத் தேடும் முன் அங்கே தண்ணீர் ஏன் தேங்குகிறது என்று பாருங்கள்.

கிளைஃபோசேட்டுக்கு ஒரு தெளிப்பான், தேர்வு மருந்துக்கு வேறொரு தெளிப்பான். முதலாவதின் மேல் சிவப்புப் பெயின்டில் பெரிதாக எழுதிவையுங்கள். எவ்வளவுதான் கழுவினாலும் குழாயில் தங்கிய மிச்சம் போதும், மூன்று மாதம் வளர்த்த புல்லின் நடுவே பழுப்புக் கோடு விழ.